பி.பி.ஏ.வை மளிகைக் கடையில் வைத்துப் படிப்பது எப்படி

சித்தி மகள் இந்த ஜூனில் பி.பி.ஏ., அதாவது வணிக நிர்வாக இளங்கலைப் படிப்பில் சேர்ந்தாள். மூன்றாவது வாரமே போன். "அக்கா, மேனேஜ்மென்ட்னா நல்லா பேசத் தெரிஞ்சா போதும்னு சொன்னாங்க. இங்க வந்தா டெபிட், கிரெடிட்னு உயிரை வாங்குறாங்க." அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் படித்தது விருதுநகரில், 2013 முதல் 2016 வரை. அப்பாவுக்குத் தெப்பக்குளத்துப் பக்கம் சின்ன மளிகைக் கடை. இப்போது ஒரு பருப்பு மில்லில் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கிறேன். முதல் வருடம் இரண்டு அரியர் வைத்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்வது நல்லது.

சேர்ந்ததும் முதல் வேலை, உங்கள் கல்லூரி தன்னாட்சியா, பல்கலைக்கழகம் நேரடியாகத் தேர்வு நடத்துவதா என்று தெரிந்துகொள்வது. தன்னாட்சி என்றால் சிலபஸும் கேள்வித்தாளும் கல்லூரியே போடும். பக்கத்து ஊரில் படிக்கும் தோழியின் பழைய கேள்வித்தாள் உங்களுக்கு உதவாது. பொதுவாக ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. அந்த 25-ஐப் பலர் கண்டுகொள்வதில்லை. அசைன்மென்ட்டைத் தேதிக்குள் கொடுத்து, இன்டர்னல் தேர்வுகளை ஒழுங்காக எழுதினால் செமஸ்டர் தேர்வில் பாரம் குறையும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டோனேஷன், அதாவது குறைந்த வருகையை மன்னிக்கச் சொல்லிக் கட்டும் பணத்துக்காக அலைய வேண்டும். இன்னும் சேராதவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் அனுமதியின்கீழ் வந்துவிட்டது. கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். எங்கள் வகுப்பில் அரியர் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் எண்கள் உள்ள தாள்களில்தான்: ஃபினான்ஷியல் அக்கவுன்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), ஆபரேஷன்ஸ் ரிசர்ச். நான் விழுந்ததும் அங்கேதான். கைடில் செய்து காட்டிய கணக்குகளைக் கதை மாதிரி வாசித்துக்கொண்டே போனேன். வாசிக்கும்போது எல்லாம் புரிந்தது. தேர்வில் அட்ஜஸ்ட்மென்ட்டுகளோடு (சரிக்கட்டல்களோடு) இறுதிக் கணக்குக் கேட்டபோது கை ஓடவில்லை. விடையை மூடி வைத்துவிட்டு, முழுக் கணக்கையும் தாளில் கோடு போட்டு, தொகை கூட்டி, தப்பு வந்து, அடித்துத் திரும்பப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கணக்கு போதும். ஆனால் அந்த ஒன்று முழுக்க உங்கள் கையால் வந்திருக்க வேண்டும்.

என்னை மாதிரிக் கடைக்காரர் வீட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் பணம் வந்தால் அது வரவு. கல்லூரியில் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று, அதாவது டெபிட் என்கிறார்கள். இது எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் புரியவில்லை. தெளிந்தது அப்பாவின் பற்று நோட்டைப் பார்த்துத்தான். எதிர்வீட்டு ஆச்சி 500 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஆச்சி பெயரில் பற்று எழுதுகிறோம், ஆச்சி நம்மிடமிருந்து வாங்கியிருக்கிறார் என்பதால். கல்லாப்பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 500 ரூபாய் போட்டால் கல்லா வாங்கியிருக்கிறது, ஆகவே கல்லா பெயரில் பற்று. வாங்கியவர் பற்று, கொடுத்தவர் வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு என்கிற விதியை இதற்கப்புறம் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்த விடுமுறையில் கடையின் ஒரு வாரக் கணக்கை எடுத்துக் குறிப்பேடு (நடந்ததை நாள்வாரியாக எழுதுவது), பேரேடு (பெயர்வாரியாகப் பிரிப்பது), இருப்பாய்வு (எல்லாப் பற்றும் எல்லா வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) என்று மூன்று கட்டமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் 180 ரூபாய் உதைத்தது. இரண்டு மணி நேரம் தேடினேன். அப்பா எட்டிப் பார்த்து, "ஒம்பதால வகுபடுதான்னு பாரு" என்றார். வகுபட்டது. 3,860 என்று எழுத வேண்டியதை ஓரிடத்தில் 3,680 என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். இன்னொரு சோதனை, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதைத் தப்பான பக்கத்தில் எழுதியிருக்கலாம். தேர்வு அறையில் இந்த இரண்டும் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆனால் இருப்பாய்வு இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு பில்லையே எழுத மறந்துவிட்டால் இரண்டு பக்கத்திலும் அது இருக்காது, கூட்டலும் ஒத்துப்போகும். தராசு வாங்கிய செலவைச் சரக்குக் கொள்முதலில் எழுதினாலும் ஒத்துப்போகும். இருப்பாய்வு எந்தெந்தப் பிழைகளைக் காட்டிக்கொடுக்காது என்பது அடிக்கடி வரும் கேள்வி. மனப்பாடம் செய்யாமல், உங்கள் கணக்கில் நீங்களே நாலு தப்பை வேண்டுமென்றே போட்டுப் பாருங்கள்.

காஸ்டிங்கில் பிரேக் ஈவன் பாயின்ட் என்று ஒன்று வரும், லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவு. விருதுநகர்க்காரி பொரிச்ச பரோட்டாவை வைத்துத்தான் விளக்க முடியும். தள்ளுவண்டிக் கடை ஒன்று. மாத வாடகை 9,000, ஆட்கள் சம்பளம் 21,000. ஆக, விற்றாலும் விற்காவிட்டாலும் 30,000 போகும். இது நிலைச் செலவு. ஒரு பரோட்டா விலை 15 ரூபாய் என்று வையுங்கள். அதில் மைதா, எண்ணெய், சால்னா, கேஸ் எல்லாம் சேர்த்து 9 ரூபாய், இது மாறும் செலவு. நிலைச் செலவை ஈடுகட்ட மிஞ்சும் மீதி 6 ரூபாய்தான் கான்ட்ரிபியூஷன். 30,000-ஐ 6-ஆல் வகுத்தால் மாதம் 5,000 பரோட்டா, 25 நாள் கடை என்றால் நாளுக்கு 200. இருநூற்று ஒன்றாவது பரோட்டாவிலிருந்துதான் முதலாளிக்கு லாபம். இதுவரை யாரும் போட்டுவிடுவார்கள். இப்போது பரோட்டா மாஸ்டருக்கு மாதச் சம்பளம் இல்லாமல், போடுகிற மைதா கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால்? அவர் கூலி நிலைச் செலவிலிருந்து இறங்கி மாறும் செலவில் சேர்ந்துவிடும், கணக்கே மாறிப்போகும். நிஜக் கடையில் போய்ச் சம்பளம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தால், எந்தச் செலவு எந்த வகை என்ற பாடம் அதற்கப்புறம் மறக்காது.

தியரித் தாள்கள் வேறு ரகம். மேனேஜ்மென்ட் பாடத்தில் வரும் ஃபேயோலின் 14 நிர்வாகக் கோட்பாடுகளைத் தலைப்பு மட்டும் வரிசையாக ஒப்பித்துவிட்டு வந்தால் பாதி மதிப்பெண் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஒரு வரி உதாரணம் வேண்டும். ஃபேயோல் பிரான்ஸில் ஒரு சுரங்க நிறுவனத்தை வருடக்கணக்கில் நடத்தியவர். 1916-இல் தன் அனுபவத்தை எழுதி வெளியிட்டார். ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரி உத்தரவிட வேண்டும் என்பது அவருடைய கோட்பாடுகளில் ஒன்று. எங்கள் கடையில் அரிசி மூட்டையை உள்ளே அடுக்கு என்று அப்பா சொல்வார், வாசலிலேயே போடு என்று பெரியப்பா சொல்வார், கடைப்பையன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நடுவில் நிற்பான். இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தத் துரை சொன்னதத்தான நான் இருபது வருஷமா ஒங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டு இருக்கேன். இதுக்கா காசு கட்டிப் படிக்கிற?" என்றார். பெரியப்பா கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

தொழிலாளர் வேலையை அளந்து ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1911-இல் எழுதியதைப் படிக்கும்போது, பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஒரு ஆள் நாளுக்கு 12½ டன் இரும்புப் பாளம் ஏற்றிக்கொண்டிருந்ததை 47½ டன் ஆக்கியதாக அவர் சொல்லும் கணக்கு வரும். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் மண்டியில் சுமை தூக்குபவர்களைப் பாருங்கள். எங்கே ஓய்வு எடுக்கிறார்கள், லாரி எங்கே நின்றால் நடை குறையும் என்பது தெரியும். டெய்லர் சொன்ன அந்தத் தொழிலாளிக்குக் கூடுதலாகக் கிடைத்த கூலி எவ்வளவு, அது நியாயமா என்றும் கேட்டுப் பாருங்கள். டெய்லர் மீதான விமர்சனத்தை எழுதச் சொன்னால் பதில் உங்களிடம் தயாராக இருக்கும்.

எனக்குப் பிடித்த தாள் பிசினஸ் லா. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் என்றதும் பயந்துவிடாதீர்கள். வழக்குகள் கதைபோல இருக்கும். பதிலை நாலு படியாக எழுதுங்கள்: சட்டப்பிரிவு, என்ன நடந்தது, தீர்ப்பு என்ன, ஏன். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு மோஹரி பீபி வழக்கு, 1903. அதோடு நிறுத்தாமல் 68-ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பையனுக்கு அரிசி, பருப்பு மாதிரி அவன் நிலைக்குத் தேவையானதைக் கடனாகக் கொடுத்தால் அவனுடைய சொத்திலிருந்து அந்தப் பணத்தைக் கேட்கலாம், அவன்மீது நேரடியாகக் கேட்க முடியாது. விலை உயர்ந்த செல்போனைக் கடனுக்குக் கொடுத்தால் கொடுத்தவர் பாடு. கணவர் மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போன பால்ஃபர் வழக்கில், 1919-இல், மனைவி தோற்றார். குடும்பத்துக்குள் சொல்லிக்கொள்வதைச் சட்டம் பொதுவாக ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாது. எங்கள் வகுப்பில் அன்று பெரிய சண்டையே நடந்தது.

தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒன்று. அரசுப் பாடநூல்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலும் வணிகவியலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டிப்ரீசியேஷன் என்றால் தேய்மானம், குட்வில் என்றால் நற்பெயர் என்று தெரிந்த பிறகு ஆங்கில வாக்கியத்தின் மீதி தானாக வழிக்கு வரும். தேர்வில் எழுத வேண்டிய ஆங்கில வரையறைகளை மட்டும் தனி நோட்டில் எழுதிச் சொல்லிப் பாருங்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன். டீத்தூள் வாங்குபவர்களின் திருப்தி பற்றி நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்க வேண்டும். அறுபது பேரிடம் உண்மையாக வாங்கினேன். வெயில் தாங்காமல் மீதி நாற்பதை வீட்டில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நாற்பது பேரும் ஒரே மாதிரி டிக் அடிக்கிறார்களே, ஒரே பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். நூறு என்றுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் வழிகாட்டியிடம் கேட்டு ஐம்பதாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கதவு திறக்கும் இடமாகத் தலைப்பை எடுங்கள். மாமா வேலை பார்க்கும் பட்டறை, அத்தை வைத்திருக்கும் தையல் கடை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய கம்பெனி பெயருக்காக அலைந்து, வாசலோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறைய.

இடையில் எக்செல்லும், கணக்கு எழுதும் மென்பொருளான டேலியும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் வகுப்பு உங்கள் கல்லூரியில் நடந்தால் தூங்காமல் உட்காருங்கள். எம்.பி.ஏ. எண்ணம் இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் வருடமே மெதுவாக ஆரம்பிக்கலாம்.

நேற்று இரவு சித்தி மகள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இருப்பாய்வு 270 ரூபாய் உதைக்கிறதாம், அழுகிற பொம்மை வேறு. ஒன்பதால் வகுத்துப் பார் என்று மட்டும் பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.