ஐம்பதாம் ஆண்டு வகுப்புச் சந்திப்பு: பட்டியலில் தொடங்கும் தவறுகள்

மொரீஷியஸில் மேல்நிலைப் பள்ளியைக் கொலேஜ் என்றுதான் சொல்வோம். 1971 ஜனவரியில் போர்ட் லூயியின் ஒரு தனியார் கொலேஜில் ஃபார்ம் ஒன்றில், அதாவது முதல் வருடத்தில் சேர்ந்து, 1975 கடைசியில் எஸ்.சி. என்று நாங்கள் சொல்லும் கேம்பிரிட்ஜ் ஸ்கூல் சர்ட்டிபிகேட் தேர்வு எழுதிய வகுப்பு எங்களுடையது. ஐம்பது ஆண்டு நிறைவுக்காக 2025 மே 24ஆம் தேதி கூடினோம். அதற்காக ஒன்றரை வருடம் அலைந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. சில தவறுகளைச் செய்தே விட்டோம். சிலவற்றை யாராவது கடைசி நேரத்தில் தடுத்தார்கள். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறும் பெரிய தவறும் பட்டியலில் நடந்தது. எஸ்.சி. எழுதியவர்களின் பட்டியல் எளிதாகக் கைக்கு வந்தது. 31 பெயர். பாதி வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். அப்புறம் ஒரு தோழி ஃபார்ம் ஒன்றில் எடுத்த வகுப்புப் படத்தை அனுப்பினாள். எண்ணிப் பார்த்தால் 46 முகம். மீதிப் பதினைந்து பேரை நாங்கள் ஐந்து பேருமே மறந்திருந்தோம்.

அவர்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்பது அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். மேல்நிலைக் கல்வி இங்கே இலவசமானது 1977இல்தான். அதுவரை மாதாமாதம் கட்டணம். கரும்புத் தோட்டத்திலோ துறைமுகத்திலோ கூலி வேலை செய்த அப்பாவுக்கு நாலு பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளைக்குத்தான் கட்ட முடியும். அது பெரும்பாலும் பையனாக இருக்கும். பெண்ணை நிறுத்திவிடுவார்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து, சோன் ஃப்ரான்ஷ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைகள் தொடங்கியபோது, நிறுத்தப்பட்ட பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. ஃபார்ம் மூன்று வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் 1973 கடைசியில் அப்படித்தான் ஸ்வெட்டர் பின்னப் போனாள். எங்கள் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

ஆகவே தேர்வுப் பட்டியலை வைத்துத் தொடங்காதீர்கள். வகுப்பில் சேர்ந்தவர்கள்தான் வகுப்பு. அழைப்பிதழிலும் அதையே எழுதுங்கள். நாங்கள் முதலில் அச்சடிக்க இருந்தது “1975 எஸ்.சி. மாணவர்கள்”. அதை “1971இல் ஃபார்ம் ஒன்றில் சேர்ந்தவர்கள்” என்று மாற்றினோம். சின்ன மாற்றம்தான். ஆனால் பாதியில் நின்றவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், தங்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய.

அவர்களை அழைக்கும்போது இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் எண்ணைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். டாக்டர், வக்கீல், மெல்பர்னில் வீடு என்று படங்கள் ஓடும் குழுவில், பாதியில் நின்றவர் மறுநாளே வெளியேறிவிடுவார். எங்களிடமே இரண்டு பேர் அப்படிப் போனார்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொலைபேசியில் பேச வேண்டும், முடிந்தால் நேரில் போக வேண்டும். என் பெஞ்சுத் தோழி முதலில் கேட்டது, “நான் கொலேஜ் முடிக்கவில்லையே, எனக்கு அங்கே என்ன வேலை?” இந்தக் கேள்விக்கு வாதம் செய்யாதீர்கள். நான் அவளுடைய கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியதை நினைவுபடுத்தினேன். பழைய கதை பேசி ஒரு மணி நேரம் போயிற்று. வருகிறேன் என்று அவள் சொன்னது மூன்றாவது முறை போனபோது.

தேடுவதில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் தமிழ்ப் பெயர்களை இங்குள்ள பதிவாளர்கள் தங்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு முறையில் எழுதி வைத்தார்கள். முத்துசாமி என்ற ஒரே பெயர் ஒரு குடும்பத்தில் மூட்டூசாமி, இன்னொன்றில் முட்டுசாமி. அண்ணனுக்கும் தம்பிக்குமே எழுத்து வேறாக இருக்கும். ஃபேஸ்புக்கில் ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்கோ கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரே மாறியிருக்கும். அவர்களை அண்ணன் தம்பி வழியாகவும், பழைய தெருவில் இன்னும் இருக்கும் வீடுகள் வழியாகவும்தான் பிடித்தோம். கோவிலில் கேட்டதில் மட்டும் நான்கு பேர் கிடைத்தார்கள்.

பெயர்க் குழப்பம் எங்களைப் பெரிய பாவத்தில் தள்ளப் பார்த்தது. மறைந்தவர்களுக்கு விளக்கேற்றப் படங்கள் தயாரித்தோம். அதில் ஒருவர் உயிரோடு இருந்தார். இறந்தது அதே பெயர்கொண்ட அவருடைய சிற்றப்பா மகன். சந்திப்புக்கு ஒன்பது நாள் முன்னால் அவருடைய அக்கா சொல்லித் தெரிந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒருவரை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், படத்தையும் அவர்களிடமே வாங்குங்கள். நம் தலையீடாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். நாங்கள் கேட்ட எல்லா வீட்டிலும் நினைவு வைத்திருக்கிறார்களே என்று கண்கலங்கினார்கள்.

தேதி. வெளிநாட்டில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி என்றுதான் கேட்பார்கள். இங்கே நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். மூன்றாம் எச்சரிக்கை அறிவித்தார்களென்றால் ஊரே மூடிவிடும். மண்டபத்துக்குக் கட்டிய முன்பணமும் சமையல்காரருக்குச் சொன்ன சாப்பாடும் போச்சு. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். தைப்பூசக் காவடி விரதமும் அந்த மாதங்களில்தான் வரும். செப்டம்பரும் சரியில்லை. 8ஆம் தேதி இரவு பேர் லாவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் சமாதிக்கு எல்லா மதத்தவரும் நடந்தே போவதால் செயின்ட் குருவா பக்கம் வண்டி நகராது. அடுத்து புரட்டாசி விரதம். ஜூலை, ஆகஸ்டில் வானிலை நன்றாக இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து விமானக் கட்டணம் ஏறிவிடும். மே கடைசி எங்களுக்குப் பொருந்தியது. உங்கள் வகுப்பில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ரமலான், பெருநாள் தேதிகளையும் முதலிலேயே பாருங்கள். அவை ஒவ்வொரு வருடமும் நகரும்.

இரவு விருந்து வேண்டாம், மதியமே நல்லது. அறுபத்தாறு, அறுபத்தேழு வயதில் பலர் இரவில் கார் ஓட்டுவதில்லை. பொழுது சாய்ந்தபின் கிராமங்களுக்குப் பஸ்ஸும் அரிது. இதே காரணத்துக்காகத்தான் வடக்குக் கடற்கரை ஹோட்டல் யோசனையையும் விட்டோம். போர்ட் லூயிக்கு எல்லாத் திசையிலிருந்தும் பஸ் வருகிறது, கியூர்ப்பீப்பிலிருந்து மெட்ரோ வருகிறது. யாரிடமும் லிஃப்ட் கேட்காமல் தானே வந்து தானே போக முடிவது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

பழைய கட்டடத்தை யாராவது ஒருவர் முன்கூட்டிப் போய்ப் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்துத் தனியார் கொலேஜ்கள் பல பழைய மரவீடுகளில் நடந்தவை. எங்களுடையது இருந்த இடம் இன்று கார் நிறுத்துமிடம். போய்ப் பார்த்ததால் அங்கே எல்லோரையும் வரச் சொல்லாமல் தப்பித்தோம்.

ஊர் சுற்றிப் பார்ப்பதிலும் பேராசை வரும். போர்ட் லூயி 1735இல் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்திலிருந்து வளர்ந்த நகரம். கோட்டை, நாடகசாலை, பந்தய மைதானம், மத்தியச் சந்தை எல்லாம் நடக்கும் தூரத்தில்தான் என்று எங்களில் ஒருவர் ஏழு இடங்களை ஒரே காலையில் எழுதிக்கொண்டு வந்தார். முழங்கால் வலி உள்ளவர்களை அடிலெய்ட் கோட்டை மேட்டில் ஏற்றவா? ஒன்றிரண்டு இடம் போதும்.

ஆனால் எந்த இடம் என்பதில் கவனமாக இருங்கள். அப்பிரவாசி காட் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். 1834க்குப் பிறகு கூலி ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர் கால்பட்ட படிகள் அங்கே இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அப்போதுதான் ஒரு கிரியோல் தோழன் மெதுவாகச் சொன்னான், “என் ஆட்கள் அந்தப் படியில் ஏறவில்லை.” அவன் முன்னோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அதைக் கேட்டு எங்களுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அருகிலேயே பழைய இராணுவ மருத்துவமனையில் அடிமை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுக்கும் போனோம், முதலில் அருங்காட்சியகத்துக்கு. அவசரமில்லாமல் பார்த்தோம். திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. வாழையிலையில் ஏழு கறி போட்டோம். அது சைவம் என்பதால் யாருக்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வந்ததும் கத்தோ பிமா என்ற மிளகாய் வடையும் ஆலூடா என்ற குளிர்ந்த பால் பானமும்.

பணம் பற்றிப் பேசியே ஆக வேண்டும். எல்லோருக்கும் சமமாக ஒரு தொகை என்று வைத்து, கட்டியவர்கள் பெயரைக் குழுவில் போடுவது கொடுமை. கட்டாதவர் யார் என்று ஊருக்குச் சொல்வதுதானே அது. கட்டணம் கட்டாததற்காக வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்களில் இருந்தார்கள். அதை இன்னொரு தடவை செய்யலாமா? முடிந்ததைக் கொடுங்கள் என்று சொன்னோம். கணக்கு ஒரே ஒருத்தியிடம் இருந்தது. யார் எவ்வளவு என்று மற்ற நாலு பேருக்கும் இன்றுவரை தெரியாது. பணம் அனுப்பும் ஜூஸ் செயலியில் மட்டும்தான் வாங்குவோம் என்றும் சொல்லாதீர்கள், கவரில் கொண்டுவருகிறவர்களும் உண்டு. செலவு போக மிச்சமும் இருந்தது.

மந்திரியையோ பெரிய மனிதரையோ தலைமை விருந்தினராக அழைக்க வேண்டாம். அவர் வரும்வரை காத்திருப்பதிலும் அவர் பேசுவதிலும் இரண்டு மணி நேரம் போய்விடும். ஆசிரியர்களை அழையுங்கள், ஆனால் முதலில் பிள்ளைகளிடம் உடல்நிலை கேட்டுவிட்டு. மேடையில் ஆங்கிலமும் வேண்டாம். வகுப்பில் ஆங்கிலம் படித்தோம், விளையாட்டுத் திடலில் கிரியோல் மொழியில்தான் சண்டை போட்டோம். தமிழ்மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், அன்றைக்குக் கிரியோலில் “கி மான்யேர்?” (எப்படி இருக்கிறாய்?) என்று கேட்டால்தான் எல்லோருக்கும் வாய் திறந்தது.

கடைசியாக, நினைவுகளை யாரும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது. 1975 எங்கள் தீவுக்குப் பெரிய வருடம். பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல். மே 20ஆம் தேதி கொலேஜ் மாணவர்கள் தலைநகரை நோக்கி ஊர்வலமாக வந்து, கிராந்த் ரிவியேர் பாலத்தில் போலீசோடு மோதினார்கள், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 18 வயதில் வாக்குரிமையும் இலவசக் கல்வியும் அதன்பின் வந்தவை. மே மாதம் கூடுகிறோமே என்று அதையே நிகழ்ச்சியின் மையமாக வைக்க நினைத்தோம். ஆனால் அன்று பாலத்தில் நின்றவர்கள் எங்களில் ஆறு பேர்தான். பலரை வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். என் பெஞ்சுத் தோழி அன்று தொழிற்சாலையில் இருந்தாள். அவளுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நான்தான் நினைத்தேன். ஒலிபெருக்கியை எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது அவளும் வாங்கினாள். 1977இல் தன் கடைசித் தங்கை கட்டணம் இல்லாமல் கொலேஜுக்குப் போன முதல் நாள், சீருடையைத் தானே தைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். மண்டபத்தில் சத்தமே இல்லை.

வகுப்புப் படத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆட்கள் கிளம்பத் தொடங்குவார்கள். 1971 படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்து, அவரவர் அன்று நின்ற இடத்திலேயே நின்றோம், வராதவர்களின் இடத்தைக் காலியாக விட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று விடாமல் காகிதத்தில் அச்சிட்டோம். வர முடியாதவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம். இன்னும் மூன்று பிரதிகள் என் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு பேரின் முகவரி கிடைத்துவிட்டது. மூன்றாவது, இரண்டாம் வரிசையில் இடது ஓரம் நிற்கும் பையனுடையது. அவன் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.