8 அங்குல டேப்லெட்: இரண்டில் எது?

ஒன்று 4:3 திரை, மற்றது 16:10 (நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்). இரண்டுமே மூலைக்கு மூலை 8 அங்குலம் என்றாலும் திரை ஒன்றல்ல. நிமிர்த்திப் பிடித்தால் 4:3 திரையின் அகலம் 4.8 அங்குலம், 16:10 திரைக்கு 4.2தான். பிடிஎஃப் படிப்பவருக்கு இந்த அரை அங்குலம் பெரிய விஷயம். அகலம் குறைந்தால் எழுத்து சிறுத்துவிடும், ஒவ்வொரு பத்தியையும் விரலால் பெரிதாக்கி நகர்த்த வேண்டிவரும். படிப்புக்கு 4:3தான், யோசிக்கவே வேண்டாம்.

படம் பார்க்கத்தான் என்றால் 16:10. கறுப்புப் பட்டை குறையும். ஆண்ட்ராய்டு என்றால் வாங்குமுன் வைட்வைன் (படங்களை நகலெடுக்காமல் காக்கும் பூட்டு) எல்1 நிலையில் உண்டா என்று பாருங்கள். அதைவிடக் கீழான எல்3 மட்டும் இருந்தால், திரை எவ்வளவு துல்லியமானாலும் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஓடாது.

ரேம் 4 ஜிபிக்குக் கீழே வேண்டாம். குறைந்தால், வேறு செயலிக்குப் போய்த் திரும்பும்போது பிரவுசர் பக்கம் முதலிலிருந்து லோடாகும். மெமரி கார்டு போட்டாலும் இது தீராது.