கிளாஸ்ல வாயே தொறக்காத பிள்ளைங்கள ஆன்லைன் டிஸ்கஷன்ல பேச வைக்கிறது எப்படி

"எனி டவுட்ஸ்?"னு கேட்டா அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல ஒரு கை தூக்காது, பெல் அடிச்சு வெளிய வந்தா வராண்டாவுல நாலு பேர் பின்னாடியே வந்து "மேம், அந்த ரெண்டாவது ஸ்டெப் புரியல"ம்பாங்க. காலேஜ்ல பாடம் எடுக்கிற எல்லாருக்கும் இது பழக்கம்தான். அந்த நாலு பேருக்கும், வராண்டா வரைக்கும் வரக்கூட தைரியம் இல்லாத மத்தவங்களுக்கும் ஆன்லைன் டிஸ்கஷன் பெரிய உதவி, ஆனா அத ஆரம்பிச்ச மொத ரெண்டு வாரத்துலயே நாமளே கொன்னுடுறோம். நான் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கிறேன், பாதிப் பேருக்கு மேல தமிழ் மீடியம், வீட்டுல மொத டிகிரி, அதனால அந்தப் பிள்ளைங்கள மனசுல வச்சுதான் இத எழுதுறேன்.

எப்படிக் கொல்றோம்னு மொதல்ல சொல்லிடுறேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு காலேஜ்ல "வாரம் ஒரு போஸ்ட் போட்டா இன்டெர்னல்ல 5 மார்க்"னு ரூல் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மேல மளமளன்னு போஸ்ட் வரும், எல்லாம் "ஐ அக்ரீ வித் த அபவ்", "குட் பாயின்ட்", இல்ல கூகுள்ல இருந்து அப்படியே எடுத்த ஒரு பாரா. செமஸ்டர் முடிஞ்சு பார்த்தா ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு பதில் சொன்னதா ஒரு போஸ்ட் இல்ல. எனக்கு அது ரொம்ப நாள் வலிச்சுச்சு. மார்க் வேணும்னா குடுங்க, ஆனா போஸ்ட்ட எண்ணி குடுக்காதீங்க, செமஸ்டர் கடைசியில "நீ எழுதினதுலயே உனக்குப் பிடிச்ச ரெண்ட எடுத்துக் குடு, ஏன் பிடிச்சதுன்னு நாலு வரி எழுது"ன்னு கேட்டு அதுக்குக் குடுங்க.

அடுத்தது கேள்வி, எல்லாமே இதுலதான் இருக்கு. "ஆவியாதல் பற்றி விவாதிக்க"ன்னு போட்டா புக்குல இருக்கிறதுதான் வரும், இப்போ ஏஐ கிட்ட இருந்து வரும். பிள்ளைங்க வீட்டுல, தெருவுல, அவங்க மட்டும் பார்த்த ஒண்ணு இல்லாம பதில் சொல்ல முடியாத மாதிரி கேளுங்க. நான் ஒரு தடவ போட்டது இது: "மண்பானைத் தண்ணி வேலூர்ல இருக்கிற அளவுக்கு சென்னையில ஜில்லுன்னு இருக்காதுங்கிறாங்க, ஏன்? உங்க வீட்டுப் பானை எப்படி, எங்க வச்சிருக்கீங்க?" மொத பதில் வர ஒரு நாள் ஆச்சு. அப்புறம் ஒருத்தன் எங்க வீட்டுல மணல் கொட்டி அதுமேல வப்போம்னான், இன்னொரு பொண்ணு ஈரத்துணி சுத்துவோம்னா, அதுக்குக் கீழ ஒருத்தன் "அப்போ துணியில இருந்தும் ஆவியாகும்ல?"ன்னு கேட்டான். வருஷம் பூரா கிளாஸ்ல ஒரு வார்த்த பேசாத ஒரு பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு, தமிழ்லயே, "எங்க ஆயா வருஷா வருஷம் பானைய மாத்திடும், பழசு ஆனா குளுராதுன்னு சொல்லும், ஓட்டை அடைச்சுக்குமோ மேம்?"னு எழுதியிருந்தா. அதேதான், தண்ணியில இருக்கிற உப்பு படிஞ்சு பானையோட நுண்துளை அடைபடும், கசிவு குறையும், ஆவியாகுறது குறையும். ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேணுங்கிறத நான் அங்கருந்து ஆரம்பிச்சு நடத்தினேன், கடலோரக் காத்துல ஈரப்பதம் ஜாஸ்திங்கிறதால சென்னையில ஆவியாகுறது மெதுவா நடக்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

மறுநாள் நான் அவ எழுதினத போர்டுல அப்படியே எழுதினேன், பேர் போடலாமான்னு முன்னாடியே அவகிட்ட கேட்டுக்கிட்டேன். இத தயவுசெஞ்சு விடாம பண்ணுங்க. ஆன்லைன்ல எழுதினது கிளாஸுக்குள்ள வரணும், வரலேன்னா அது தனியா ஒரு மூலையில கெடக்கும், எழுதுறவங்களும் நிறுத்திடுவாங்க.

கூச்சம் ஏதோ நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும்னு நினைக்க வேணாம். பூஜா சங்கர்னு ஒருத்தங்க ஐஐடி கான்பூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சப்போ கிளாஸ்ல பொண்ணுங்க ரொம்பக் கம்மி, பசங்க எல்லாம் சேர்ந்து உக்காந்து பேசி முடிக்கிற ஹோம்ஒர்க்க இவங்க கேக்கக் கூச்சப்பட்டுத் தனியா போராடியிருக்காங்க, பின்னாடி ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது பியாஸான்னு கேள்வி-பதில் தளம் ஒண்ண ஆரம்பிச்சாங்க, அதுல பேர் காட்டாம கேக்கலாம். உங்க காலேஜ்ல அது இல்லேன்னா ஈமெயில் கேக்காத ஒரு கூகுள் ஃபார்ம் போதும், அதுல வர்ற கேள்விய நீங்க எடுத்து டிஸ்கஷன்ல போடுங்க.

எந்த ஆப்னு நிறைய பேர் கேக்குறாங்க. மூடுல் (Moodle, பாடம், அசைன்மென்ட், டிஸ்கஷன் எல்லாம் ஒரே இடத்துல நடத்துற தளம்) இருந்தா நல்லது, இலவசம், 2002ல இருந்து இருக்கு, அதுல கியூ அண்ட் ஏ-ன்னு ஒரு ஃபோரம் டைப் இருக்கு, நீங்க கேள்வி போட்டா ஒரு ஸ்டூடன்ட் தன் பதிலப் போட்ட பிறகுதான் மத்தவங்க பதில் கண்ணுக்குத் தெரியும், அதுவும் திருத்துறதுக்கான நேரம் (சும்மா விட்டா அரை மணி நேரம்) முடிஞ்ச பிறகு. காப்பிய இது நல்லாவே குறைக்கும். கூகுள் கிளாஸ்ரூம்ல கேள்வி போடும்போது, பிள்ளைங்க ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் எழுதலாங்கிற ஆப்ஷன ஆன் பண்ண மறக்காதீங்க. வாட்ஸ்அப் குரூப் அறிவிப்புக்கு சரி, டிஸ்கஷனுக்கு வேணாம், காலையில கேட்ட கேள்வி சாயந்திரத்துக்குள்ள குட்மார்னிங்ல புதைஞ்சிடும், அத விட முக்கியம், பொம்பளப் பிள்ளைங்க நம்பர் குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அதுல வர்ற தொல்லைய அந்தப் பிள்ளைங்க நம்மகிட்ட சொல்லக்கூட மாட்டாங்க.

மொழி விஷயத்துல நான் பிடிவாதமா இருக்கேன். தமிழ், தங்கிலீஷ், இங்கிலீஷ், எதுல வேணா எழுதட்டும், ஜிபோர்டுல (போன்ல இருக்கிற கூகுள் கீபோர்டு) பேசியே டைப் பண்ணட்டும். யாரோட ஸ்பெல்லிங்கையும் எல்லாருக்கும் முன்னாடி திருத்தாதீங்க, ஒரு தடவ திருத்தினா அந்தப் பிள்ளையோட சேர்த்து அதப் பார்த்த இருபது பேரும் எழுத மாட்டாங்க.

இன்னும் சிலது. அறுபது பேரையும் ஒரே இடத்துல விடாம எட்டு, பத்து பேரா பிரிச்சு விடுங்க. டேட்டா தீந்துபோற பிள்ளைங்க இருக்காங்க, வீடியோ கேக்காதீங்க, எழுத்தும் போட்டோவும் போதும், மூணு நாளாவது டைம் குடுங்க. யாராவது கிண்டல் பண்ணினா அத உடனே எடுத்துட்டு, எழுதினவன தனியா கூப்பிட்டுப் பேசுங்க.

கடைசியா, பதில் சொல்ல அவசரப்படாதீங்க. மேம் பதில் போட்டாச்சுன்னா அதோட பேச்சு முடிஞ்சிடும். நான் ஒரு நாள் முழுக்க எதுவும் எழுத மாட்டேன், படிச்சேன்னு தெரியிற மாதிரி "மணல் எதுக்குப்பா, வெறும் தரையில வச்சா என்ன ஆகும்?"னு இன்னொரு கேள்வி மட்டும் போடுவேன், மூணாவது நாள்தான் தப்பா இருக்கிறத எடுத்துச் சொல்லுவேன். மொத தடவ எழுதுற பிள்ளைக்கு மட்டும் இதுல விதிவிலக்கு, அவங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே ஒரு வரியாவது எழுதிடுங்க.