மெமோவில் முடிவை முதலில் எழுதுங்கள்

வகுப்புக்கு மெமோ (அலுவலகத்துக்குள் அனுப்பும் சிறு குறிப்பு) எழுதும்போது பலரும் கடிதம் போலத் தொடங்கிவிடுகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா", "இப்படிக்கு" இரண்டும் இதற்கு வேண்டாம். மேலே பெறுநர், அனுப்புநர், தேதி, பொருள் என நான்கு வரிகள் போதும். அச்சிட்டுக் கொடுப்பதானால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் (இனிஷியல்) இடலாம்.

பொருள் வரிக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். "ஆய்வகம் தொடர்பாக" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "ஆய்வகத்தின் 6 கணினிகளுக்குப் புதிய ஹார்டு டிஸ்க் கோருதல்" என்றால் படிக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். அப்புறம், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னணியும் காரணங்களும் அடுத்து வரட்டும். நாம் யோசித்த வரிசையில் எழுதத்தான் கை போகும். ஆனால் படிப்பவருக்கு முடிவுதான் முதலில் தேவை. ஒரு பக்கத்தைத் தாண்டினால் சிறு தலைப்புகள் போடுங்கள்.