கடலோர வெக்கையில் கிளிக்கு முளைதானியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

முளைகட்டுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, குளிர்ந்த ஊர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு நாள் முழுக்க ஊறட்டும், மூன்று நாள் இருட்டில் இருக்கட்டும், முளை ஓர் அங்குலம் வளரட்டும் என்பார்கள். மண்டபத்திலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ அதை அப்படியே செய்தால் மூன்றாம் நாள் பாட்டிலைத் திறக்கும்போது வீடே நாறும். நம் இராமநாதபுரம் கரையில் விதையை முளைக்க வைப்பது ஒரு வேலையே இல்லை. வெக்கையும் கடல்காற்றின் ஈரமும் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் முளைத்ததை மறுநாளே ஊசிப்போக வைப்பதும் அதே வெக்கைதான். கொஞ்சமாக ஊறப்போட வேண்டும், முளை எட்டிப்பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

செய்முறைக்குப் போகும் முன் ஒன்று. பனைமரப் பொந்துகளில் குஞ்சு பொரிக்கும் நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டு பெரிதாக இருக்கிறது, பாசமாக வளர்க்கிறோம் என்பதெல்லாம் சட்டத்துக்கு முன் எடுபடாது. இந்தச் செய்முறை, கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்க லவ்பேர்ட் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்கானது. கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை வைத்திருந்தால் 2024-இல் வந்த விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

முளைதானியம் எதற்கு? காய்ந்த விதை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்புக் கூடும், சத்துக் குறையும். விதை முளைக்கத் தொடங்கியதும் அதிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் எளிதில் செரிக்கும் நிலைக்கு வருகின்றன. வைட்டமின் சி-யும் சில பி வைட்டமின்களும் கூடுகின்றன. சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. இத்தனையும் சமையலறை அலமாரியில் இருக்கும் பயற்றிலிருந்தே கிடைக்கின்றன. பாக்கெட்டில் அடைத்து வரும் வெளிநாட்டு முளைக்கலவைகளுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எந்தத் தானியம்

புதிதாகத் தொடங்குபவர்கள் முழுப் பாசிப்பயற்றிலிருந்து தொடங்குங்கள். பலசரக்குக் கடையில் பச்சைத் தோலோடு இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். உடைத்த பாசிப்பருப்பு எத்தனை நாள் ஊறினாலும் முளைக்காது. கிலோ நூற்றைம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்ஜிகளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் பயறு தாராளம். ஒன்றரை ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் அடுத்த இடம் கம்புக்குத்தான். பட்ஜி, லவ்பேர்ட் போன்ற சின்ன அலகுக் கிளிகளுக்கு ஏற்ற அளவு, விரைவில் முளைக்கும், விலையும் குறைவு. கேழ்வரகும் நல்லது. ஆனால் மணி மிகப் பொடியாக இருப்பதால் துணியில் ஒட்டிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். முழுக் கோதுமை, கறுப்புக் கொண்டைக்கடலை, வெந்தயம் ஆகியவற்றையும் சேர்க்கலாம். கடலை பெரிய கிளிகளுக்கு. பட்ஜிக்கு அது வாய்க்குள் போகாது. வெந்தயம் கசக்கும் என்பதால் ஒரு சிட்டிகை போதும். தினை, சாமை, குதிரைவாலி எல்லாம் உமியோடு இருந்தால்தான் முளைக்கும். சமையலுக்காகத் தீட்டி வருபவை ஊறிக் குழைந்து போகும்.

கொடுக்கக் கூடாதவற்றைக் கவனமாகப் படியுங்கள். ராஜ்மா, பட்டர் பீன்ஸ், மொச்சை, சோயா போன்ற பெரிய கொட்டைகளை முளைகட்டிப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. அவற்றிலுள்ள நச்சுப்பொருட்கள் நன்றாக வேகவைத்தால்தான் போகும், முளைப்பதால் போவதில்லை. அடுத்தது சோளம். காய்ந்த சோளத்தைக் கிளி தின்னலாம், ஆனால் முளைகட்டிய சோளம் ஆபத்து. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வயிறு உப்பித் துடித்து விழும் என்பது கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கால்நடை வைத்திருப்பவர்களுக்குப் புதிய செய்தியில்லை. சோளத்தின் இளம் முளையில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மாட்டையே சாய்ப்பது 35 கிராம் எடையுள்ள பறவையை விட்டுவைக்காது.

விதைப்புக்கென்று உரக்கடையில் விற்கும் விதைகளையும் தொடாதீர்கள். பூச்சியும் பூசணமும் தாக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். பெரும்பாலும் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருக்கும். மனிதர்கள் உண்பதற்காக விற்கும் தானியம்தான் கிளிக்கும்.

தண்ணீர்

இராமநாதபுரம் கரையோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதில் ஊறப்போட்டால் விதை அரைகுறையாக முளைக்கும், உப்பும் விதைக்குள் ஏறும். பறவையின் சிறுநீரகத்துக்கு அதிக உப்பு ஆகாது. ஆகவே ஊறவைப்பதிலிருந்து கடைசி அலசல் வரை நல்ல தண்ணீர்தான். அது காவிரிக் கூட்டுக் குடிநீராகவும் இருக்கலாம், குடம் கணக்கில் விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். குடிநீரை இப்படிச் செலவழிப்பதா என்று வீட்டில் முணுமுணுப்பு எழும். இரண்டு தேக்கரண்டிப் பயற்றை ஒரு முறை அலச ஒரு தம்ளர் போதும். அலசிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோ ஊற்றிவிட்டால் முணுமுணுப்பும் அடங்கும்.

பாத்திரம்

அகன்ற வாயுள்ள பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதன் வாயை மூடும் அளவுக்கு வெள்ளை வேட்டித்துணி, ஒரு ரப்பர் பேண்ட். இவ்வளவுதான். பொடிக் கண்ணுள்ள எவர்சில்வர் வடிகட்டியும் ஒரு தட்டும் இருந்தால் அதுவும் சரி. சிலர் கண் திறந்த சிரட்டையிலும் பனையோலைக் கொட்டானிலும் முளைகட்டுகிறார்கள். பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் நாரிலும் ஓலை மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும் பூசணத்தைத் தேய்த்து எடுக்க முடியாது. கண்ணாடியும் எவர்சில்வரும் கொதிநீர் தாங்கும். ஆகவே என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

முதல் படி: பொறுக்கிக் கழுவுதல்

காலை பத்து மணிவாக்கில் இரண்டு தேக்கரண்டி பாசிப்பயற்றைத் தட்டில் கொட்டுங்கள். கல், சொத்தை, உடைந்த மணி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். உடைந்தது முளைக்காது, முதலில் அழுகுவதும் அதுதான். பிறகு தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். மிதப்பவற்றை அப்படியே வடித்துக் கொட்டிவிடலாம்.

இரண்டாம் படி: ஊறவைத்தல்

பாட்டிலில் பயற்றைப் போட்டு அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். மாலை நான்கு மணிக்கு எடுத்தால் போதும், ஆறு மணி நேரம். சித்திரை, வைகாசி வெயிலில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நுரை கட்டினால் அது புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரவெல்லாம் ஊறட்டும் என்று விட்டுவிடும் பழக்கம் பாசிப்பயற்றுக்கு நம் ஊரில் தேவையே இல்லை.

மூன்றாம் படி: வடித்தலும் அலசலும்

வாயில் துணியைக் கட்டித் தண்ணீரை முழுக்க வடியுங்கள். நல்ல தண்ணீரில் அலசி மறுபடியும் வடியுங்கள். பிறகு பாட்டிலைத் தலைகீழாக, சற்றே சாய்வாக ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். மிச்சத் தண்ணீர் சொட்டவும் வேண்டும், உள்ளே காற்று போய் வரவும் வேண்டும். விதைக்கு ஈரம் தேவை, ஆனால் தேங்கிய நீரில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளிய இடமாக இருக்கட்டும். எறும்பு வரும் வீடென்றால் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள்.

தூங்கப் போகும் முன் ஒருமுறை அலசி வடியுங்கள். இந்த இரவு அலசலைத் தவறவிடாதீர்கள். மறுநாள் காலை கிடைப்பது முளையா குப்பையா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

நான்காம் படி: எடுத்துக் கொடுத்தல்

காலை ஆறு மணிக்கு வெள்ளை முனை அரிசி மணி நீளத்துக்கு எட்டிப்பார்த்திருக்கும். அதைவிடக் குட்டையாக இருந்தாலும் நல்லதே. கிளிக்கு வேண்டிய சத்து இந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. நீள முளை நமக்குச் சாலட்டுக்கு அழகு, கிளிக்கு வெறும் நார்.

முகர்ந்து பாருங்கள். பச்சைப் பயற்று மணம் வந்தால் சரி. புளித்த வாடை, விரல் நுனியில் வழவழப்பு, சாம்பல் நிறப் படலம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவினால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் விறுவிறுவென்று பெருகும், அவை கழுவிப் போவதில்லை. நட்டம் ஒன்றரை ரூபாய்தான்.

நல்லதாக இருந்தால் கடைசியாக அலசி, துணியில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள். பட்ஜி ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி, காக்டெயிலுக்கு இரண்டு, பெரிய கிளிகளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வரை. உப்போ எண்ணெயோ தாளிப்போ எதுவும் கூடாது. காலையில் வைத்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், கோடையில் அதற்கும் முன்பே. மாலை வரை கிண்ணத்தில் கிடந்த முளை பறவைக்கு நோய்தான் தரும்.

மீதமிருந்தால் நீர் நன்றாக வடிந்தபின் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரென்றால் அதை நம்பாமல் தினமும் கொஞ்சமாகவே போடுங்கள்.

மற்ற தானியங்களுக்கு நேரக்கணக்கு

கம்புக்கும் பாசிப்பயற்றின் கணக்கே ஏறக்குறையப் பொருந்தும். சில நாள் மாலை வரை காத்திருக்க நேரலாம். கோதுமை, கேழ்வரகு, கொண்டைக்கடலை மூன்றும் மெதுவானவை. அவற்றை முதல் நாள் இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்து, காலையில் வடித்து, பகலில் இரண்டு முறையும் இரவில் ஒரு முறையும் அலசினால் அடுத்த நாள் காலை தயார். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலந்து போடாதீர்கள். பயறு முளைத்து நீளும்போது கடலை ஊறிக்கொண்டுதான் இருக்கும். தனித்தனியே முளைகட்டிக் கொடுக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சூடு சற்றுக் குறையும், முளைப்பு சில மணி நேரம் தள்ளிப்போகும். ஆனால் காற்று ஈரமாக இருப்பதால் பூசணம் முந்திக்கொள்ளும். அந்த மாதங்களில் அளவைப் பாதியாக்கிவிடுங்கள். வடித்தபின் சற்று நேரம் மின்விசிறிக் காற்றில் வைப்பதும் உதவும். ஒவ்வொரு முறையும் பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, துணியோடு வெயிலில் காயவைக்க வேண்டும். கண்ணாடி வெடிக்காமல் இருக்க முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள்.

விதையே முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது பழைய சரக்கு. கடையை மாற்றிப் பாருங்கள்.

கிளி சீண்டவே இல்லையா

அதுவும் நடக்கும். கிளிகள் புதிய உணவைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும், சில கிளிகள் வாரக்கணக்கில் முரண்டு பிடிக்கும். காலையில் பசியோடு இருக்கும்போது, வழக்கமான விதையின் மேல் நாலைந்து முளைகளைத் தூவி வையுங்கள். கூண்டு முன் நின்று நீங்கள் ஒன்றை எடுத்து மெல்லுவது போல் காட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவை, பிறர் தின்பதைப் பார்த்துத்தான் துணியும். பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. சின்னப் பறவை ஒரு நாள் பட்டினியிலேயே துவண்டுவிடும்.

முளை தின்றால் எச்சத்தில் ஈரம் கொஞ்சம் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாலோ, எச்சம் நீராகவே போய் நாற்றமடித்தாலோ உடனே முளையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இன்னொன்று, மென்மையான உணவு நிறையக் கிடைத்தால் பட்ஜி ஜோடி முட்டையிடத் தயாராகிவிடும். குஞ்சு வேண்டாம் என்பவர்கள் வாரம் இரண்டு மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முளையில் கிடைக்காத இரண்டு

முளைதானியம் முழு உணவல்ல, வழக்கமான தீவனத்தோடு சேரும் ஒரு பங்குதான். வைட்டமின் ஏ-யும் கால்சியமும் அதில் போதாது. முதலாவதுக்கு முருங்கைக்கீரை இருக்கிறது. ஒரு கொத்தைக் கழுவிக் கூண்டில் சொருகிவிட்டால் கிளி கிழித்து விளையாடியபடியே தின்னும்.

கால்சியத்துக்கு நம் கரைக்காரர்கள் காசு செலவழிக்கவே வேண்டாம். பறவைக் கடைகளில் விலைக்கு விற்கும் வெள்ளை ஓடு, அலையோடு ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடுதான். ஊர்க் கடற்கரையில் நடந்தாலே கிடைக்கும். அதற்காக மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளுக்குள் போகாதீர்கள், அங்கே அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. எண்ணெய்க் கறையோ தாரோ படியாத, முழுசான வெள்ளை ஓடாகப் பொறுக்குங்கள். நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி உப்பை இறக்குங்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயும் வரை வையுங்கள். பிறகு ஓரத்தில் துளையிட்டு, நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும் மென்மையான பக்கம் கிளியைப் பார்த்திருக்கும்படி கூண்டுக் கம்பியில் இறுகக் கட்டிவிடுங்கள்.