உறவு வலையைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை தேடுகிறவர்கள் நெருங்கிய நண்பர்களிடம் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். இதைத்தான் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். நமக்கு நெருக்கமானவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளும் நெருக்கமானவர்கள். ஒருவர் காதுக்கு வந்த செய்தி மற்றவர்களுக்கும் ஏற்கெனவே வந்திருக்கும். புதிய செய்தி வேறொரு வட்டத்திலிருந்துதான் வர முடியும். அந்த வட்டத்துக்கும் நமக்கும் இடையில் நிற்பவர், எப்போதாவது பேசும் பழைய சக ஊழியராக இருக்கலாம். இந்த மெல்லிய தொடர்புகளின் வலிமையைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் விளக்கினார். அமெரிக்காவின் நியூட்டன் நகரில் அவர் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் மட்டுமே அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். மற்றவர்களுக்கு உதவியது அவ்வப்போதோ அரிதாகவோ பார்த்த முகம்தான். ஆகவே விலகிப்போன அறிமுகங்களைப் பயனற்றவை என்று கைவிடாதீர்கள். கூச்சப்படாமல் நலம் விசாரியுங்கள்.

'ஆறே பேர் வழியாக உலகில் யாரையும் எட்டிவிடலாம்' என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் தவறு. டிராவர்ஸ், மில்கிராம் என்ற ஆய்வாளர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் பங்குத் தரகர் ஒருவருக்கு ஓர் ஆவணத்தைத் தெரிந்தவர்கள் வழியாகக் கைமாற்றி அனுப்பும்படி 296 பேரிடம் கேட்டுக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்தவை 64. சராசரியாக ஐந்து பேர் இடையில் இருந்தார்கள் என்பது இந்த 64-ஐ வைத்துச் சொன்ன கணக்கு. வழி இருக்கலாம்; இடையில் ஒருவர் அக்கறை காட்டாவிட்டால் அது அங்கேயே அறுந்துவிடும்.

நண்பர்களைப் பார்த்து 'எனக்கு மட்டும் ஆள் பலம் இல்லை' என்று மனம் குன்றுவது இன்னொன்று. நிறைய நட்பு உள்ளவர் பலருடைய நட்புப் பட்டியலிலும் இடம்பெறுகிறார். சில நண்பர்களே உள்ளவர் சில பட்டியல்களில்தான் இருப்பார். அதனால் பெரும்பாலானோருக்குத் தங்கள் நண்பர்களுக்கே நட்பு அதிகம் என்று தெரிகிறது. சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்டு 1991-இல் காட்டிய இந்த உண்மையில் யாருடைய குறையும் இல்லை.

செய்தி பரவும் விதத்திலேயே பழக்கமும் பரவும் என்று எண்ணவும் வேண்டாம். செய்தி சொல்ல ஒருவர் போதும். பழக்கம் மாற, பலர் செய்வதைக் கண்ணால் காண வேண்டியிருக்கிறது. சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010-இல் வெளியிட்ட இணையச் சோதனையில், ஒருவருக்கொருவர் பின்னிப் பிணைந்த வட்டங்களில்தான் புதிய நடத்தை வேகமாகவும் அதிகமாகவும் பரவியது. நெருங்கிய நண்பர்களின் அருமை இங்கேதான். தினமும் நடக்கத் தொடங்க விரும்பினால், நூறு அறிமுகங்களுக்கு அறிவிப்பதைவிட, ஒருவரையொருவர் அறிந்த நான்கு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.