பெஞ்சுலயே உக்காந்திருக்கிற பசங்களுக்கு ஒரு டிப்

அமெரிக்கால ஹைஸ்கூல் பேஸ்பால் டீம்ல பையன் இருந்தும் மேட்ச்ல இறக்க மாட்டேங்கிறாங்களா, "ஏன் இறக்கல"ன்னு கோச்சுகிட்ட சண்டைக்குப் போகாம "நான் எதுல தேறணும்"னு பையனையே கேக்கச் சொல்லுங்க, அப்பா அம்மா போய் நின்னா வேலைக்கு ஆகாது. ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத்துல நிக்கிற முக்கியமான ஃபீல்டர்) இடத்துக்கு எப்பவும் அடிதடிதான், கேட்சிங் (பேட்டருக்குப் பின்னாடி இருந்து பந்தைப் பிடிக்கிறது) கத்துக்கிட்டா போட்டி கம்மி, குத்தவச்சு உக்காந்து பந்தை உடம்புல வாங்க எல்லாரும் வரமாட்டாங்க. அப்புறம் 2017லேர்ந்து பிட்ச் கவுண்ட் லிமிட் (பிட்சர், அதாவது பந்து எறியறவன், இத்தனை பந்துதான் எறியலாம், அப்புறம் ஓய்வு எடுக்கணும்ங்கிற விதி) இருக்கு, ஒரே பிட்சரை வச்சு வாரம் பூரா ஓட்ட முடியாது, அதனால ஸ்பீடு கம்மின்னாலும் ஒழுங்கா ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள்ள வர்ற பந்து) போடத் தெரிஞ்சவனுக்கு சான்ஸ் வரும். பேட்டிங் சுமாரா? பல மாநிலங்கள்ல பிட்சரோ கேட்சரோ பேஸுக்குப் போயிட்டா அவங்களுக்கு பதிலா பெஞ்சு பையன் கர்ட்டஸி ரன்னரா (மாத்து ஓட்டக்காரனா) ஓடலாம், பேஸ் ரன்னிங்கை (ஒரு பேஸ்லேர்ந்து அடுத்ததுக்கு ஓடறதை) நல்லா பழகிக்கட்டும், கூடவே பன்ட்டும், அதாவது பேட்டை வீசாம பந்தை மெல்லத் தட்டி விடுறதையும் (அதை எவனும் ஒழுங்கா பழகுறதே இல்ல!).